கழித்துவிடச் சொன்னவை

ரமணி குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும், கண்ணாடித் தட்டிலிருந்த அந்தத் துணுக்கின் துடிப்பு வேகமெடுத்தது.

"என்ன இது, இன்னிக்கு இப்படி ஓடுது? எப்பவும் மெதுவாத்தான் மேடம் அடிக்கும்" என்றாள் பக்கத்தில் நின்ற மார்க்கிரட். அந்த ஆய்வுக்கூடத்தில் செல்களைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்.

கடுகில் பாதிகூட இருக்காது. ரோஜா நிறத் திரவத்துக்கு அடியில் வெளிறிய ஒரு திட்டு, சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, யாரோ துரத்துவதைப் போலத் துடித்துக்கொண்டிருந்தது. ரமணி காரணமில்லாமல் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் நாடி வேகமாகத்தான் இருந்தது. விரலுக்கடியில் ஒன்று, கண்ணுக்கு முன்னால் ஒன்று. இரண்டும் ஒரே தாளம். தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டு கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அது தொண்ணூற்றேழாம் வருடத்தின் புகைமூட்டக் காலம். சுமத்ராவில் காடு எரிந்த புகை கிள்ளான் பள்ளத்தாக்கின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. ஃபெடரல் ஹைவேயில் நடுப்பகலில் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பெட்டாலிங் ஜெயாவின் அந்தத் தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியிலிருந்து எதிர்வரிசைக் கடைகள் தெரியவில்லை. அடைத்த ஜன்னல்களையும் மீறி எரிந்த இலையின் வாடை வந்தது. அதன்மேல் ஸ்பிரிட் வாடை. எல்லாவற்றுக்கும் அடியில், செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறக்கும்போதெல்லாம் வெதுவெதுப்பாக எழுந்து வரும் வேறொரு வாசனை, லேசாக இனிப்பது, குளிப்பாட்டித் துடைத்த குழந்தையின் உச்சந்தலையில் வருவதைப் போல. ரமணி அந்த வாசனையைப் பிறர் குழந்தைகளிடம் மட்டுமே முகர்ந்திருக்கிறாள்.

அவள் சுகாதார அமைச்சின் அதிகாரி. வருடத் தொடக்கத்தில் வெளிநாட்டில் ஒரு செம்மறி ஆட்டை நகலெடுத்த செய்தி வந்து, நாளைக்கு மனிதனையும் இப்படிச் செய்வார்களா என்று எல்லோரும் கேட்கத் தொடங்கியபோது, மனிதக் கருவை வைத்து யார் என்ன ஆராய்ச்சி செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விதிகள் எழுத அமைச்சு ஒரு சின்னக் குழுவைப் போட்டது. விதி எழுதுமுன் பார்த்துவிட்டு வா என்று ரமணியை அனுப்பியிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டர் சண்முகரத்தினம் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

"இது இன்னும் எதுவாகவும் ஆகாத செல் மேடம். ஸ்டெம் செல். ரத்தமாகலாம், நரம்பாகலாம், தோலாகலாம். நாம பழக்குற மாதிரி ஆகும். இந்தத் துணுக்கு மட்டும் யாரும் சொல்லாமலே இதயமா ஆயிடுச்சு." தான் பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்கிறவரைப் போலச் சிரித்தார்.

"யாரோட கரு டாக்டர்?"

"யாரோடதும் இல்ல. டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கு வந்தவங்க மிச்சம் விட்டுட்டுப் போனது. கிள்ளான்ல ஒரு கிளினிக்க மூடினாங்க. கருவ உறைய வெச்சிருந்த அவங்க நைட்ரஜன் தொட்டிய உள்ள இருந்ததோட வாங்கிட்டேன்."

கிள்ளானில்தான் அவளும் சிகிச்சைக்குப் போயிருந்தாள். பழைய கிள்ளான் கிளினிக்கின் பச்சைத் திரைகள், இடுப்பில் ஊசி, கணவன் இராமலிங்கம் வராந்தாவில் நடந்த நடை, ஒட்டாமலே போன கருக்கள். பிறகு ஒரு நாள் நர்ஸ் போன் செய்து, உறைய வைத்தது மிச்சம் இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டாள். கழிச்சிடுங்க, என்று சொல்லிவிட்டு ரமணி ரிசீவரை வைத்தாள். ஒரே சொல். வேலைக்கு நேரமாகியிருந்தது.

"கழிச்சிடுங்கன்னு சொன்னவங்களும் இருப்பாங்களே?"

"கழிக்கிறதுன்னா என்ன? குப்பையில கொட்டுறது. நான் கொட்டல. வளத்தேன். எது பாவம், நீங்களே சொல்லுங்க."

"அவங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"எந்தச் சட்டத்துல மேடம் இருக்கு?"

அந்தச் சட்டத்தை எழுத வேண்டியவளே அவள்தான்.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது குளிர்ந்தது. காய்ச்சல் குளிர் அல்ல. தோலுக்கு உள்ளேயிருந்து, போர்த்தியிருந்த எதையோ யாரோ உருவிவிட்டதைப் போன்ற குளிர். கொஞ்ச நேரத்தில் தானாக விலகியது. அடுத்த நாளும் அதே பொழுதில் வந்தது. அதற்கடுத்த நாள் அது விலகவில்லை. பற்கள் அடித்துக்கொள்ள, விரல்நுனிகள் நீலமாக, பக்கத்து மேசைக்காரி தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தும் அடங்காமல், ரமணி போனை எடுத்து ஆய்வுக்கூடத்து எண்ணைச் சுழற்றினாள்.

"மார்க்கிரட், தட்டையெல்லாம் எப்ப வெளிய எடுப்பீங்க?"

"காலையில வந்ததும் மேடம். மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு உடனே உள்ள வெச்சிருவேன். வெளிய குளிர்ந்துபோயிடும்."

"இன்னிக்கு?"

எதிர்முனையில் ஓடுகிற காலடிச் சத்தம். கனமான கதவு ஒன்று திறந்து மூடியது. ரமணியின் முதுகில் வெதுவெதுப்பு மெல்ல ஏறி வந்தது.

"ஐயோ, மறந்து வெளியவே வெச்சிட்டேன்" என்றாள் மார்க்கிரட், மூச்சு வாங்க. "உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் இராமலிங்கம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து புகைமூட்டச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ரயில் போனது. ஒலி மட்டும்தான், ரயில் தெரியவில்லை.

"ஏங்க, கிள்ளான்ல நாம விட்டுட்டு வந்தோமே…"

"அத ஏன் இப்ப எடுக்கற? முடிஞ்சுபோன கத."

"முடியலன்னா?"

அவன் அவளைப் பார்த்தான். பயந்தது போலத்தான் இருந்தது, பிறகு முகத்தை மாற்றிக்கொண்டான். "பேரு வெச்ச பிள்ளையா அது? புகையில உனக்கு ஒடம்பு சரியில்ல. போய்ப் படு லா."

படுத்தாள். எழுந்தாள். முற்றத்துக் குழாயைத் திறந்து முகம் கழுவினாள், அடுக்களையில் கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள், கண்ணாடி முன் நின்று கழுத்து நரம்பைப் பார்த்தாள். தான் பயந்தால் அதுவும் பயப்படும் என்ற நினைப்பு வந்தபின் பயப்படவும் பயமாக இருந்தது. மூச்சை நிதானமாக விட்டுப் பழகினாள். யாரையோ தட்டித் தூங்க வைப்பது போல, மார்பின்மேல் கையை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

இதற்கு மேல் தாங்காது என்று, மேலதிகாரியிடம் பேசினாள். கருவைக் கொடுத்தவர்களின் சம்மதம் இல்லை, எலிக் குட்டியின் செல்லைப் படுக்கையாக விரித்து மனிதச் செல்லை வளர்க்கிறார்கள், எந்தக் கண்காணிப்பும் இல்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். சட்டம் இல்லாவிட்டாலும் மருத்துவமனை லைசன்ஸ் அமைச்சின் கையில் இருந்தது. வளர்த்ததையெல்லாம் அழிக்காவிட்டால் லைசன்ஸ் புதுப்பிக்கப்படாது என்று முடிவானது. அதை நேரில் நின்று பார்த்துவிட்டு வருவதாக ரமணியே கேட்டுக்கொண்டாள். அந்தத் துடிப்பு நின்றால் தன்னுடையதும் நின்றுவிடுமோ என்ற கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் பகலில் புகை இன்னும் கனத்திருந்தது. சூரியன் ஒரு செம்பு நாணயம் போல மங்கித் தொங்கியது. டாக்டர் எதிர்த்துப் பேசவில்லை. மூலையில் கைகட்டி நின்றார். மார்க்கிரட் தட்டுகளை வரிசையாக எடுத்து வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ரமணி நாற்காலியில் உட்கார்ந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தட்டுமா மேடம்?"

"ஊத்துங்க."

குளோரோக்ஸ் பிளீச்சின் நெடி மூக்கில் ஏறியது. நுண்ணோக்கியோடு இணைத்த சின்னத் திரையில் அந்தத் துணுக்கு துடித்தது. வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு ஒரு நடுக்கம். ஓரங்கள் கரைந்தன. நின்றது.

ரமணி காத்திருந்தாள். நெஞ்சில் ஒரு துடிப்பு. அடுத்தது வந்தது. அதற்கு அடுத்ததும். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று புரிந்ததும் அழுகை வந்தது. எதற்கென்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகை தணிந்தபோதுதான் அவளுக்கு அது கேட்டது. மேல் தளத்திலிருந்து, மிக மெல்லிய ஒரு பீப் ஒலி. பீப். பீப். ஒவ்வொன்றும் அவள் நெஞ்சு அடிக்கும்போதே அடித்தது.

"மேல என்ன இருக்கு?"

மார்க்கிரட் தலையைத் தூக்கவில்லை. "அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க." அதுவரை அவள் ரமணியை மேடம் என்றுதான் அழைத்திருந்தாள்.

"மார்க்கிரட்."

"தட்டுல இருந்தத அழிக்கச் சொன்னீங்க. அழிச்சிட்டேன்."

டாக்டர்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "தம்புசாமின்னு ஒரு கான்ட்ராக்டர். பூச்சோங்காரர். ஹார்ட் ஃபெயிலியர். எல்லா ஆஸ்பத்திரியும் கைய விரிச்சிட்டாங்க. அவரே வந்து கெஞ்சினார் மேடம், எத வேணா போடுங்கன்னு. இந்தச் செல்லைத்தான் ஊசியில ஏத்தினேன்."

"இப்ப நல்லா இருக்காரா?"

"இதயம் நல்லா இருக்கு" என்றார்.

படியில் ஏறும்போது பீப் ஒலி அவளோடு ஏறியது. அவள் நின்றால் தணிந்தது. மாடிக் கூடத்தில் விளக்கு இல்லை. ஜன்னலில் புகை மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கதவு. திறந்ததும் அந்த வாசனை. இன்குபேட்டரின் வாசனை. அறை முழுக்க.

கட்டிலில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் பக்கவாட்டில் கிடந்தார். நரைத்த மார்பு, லோரி ஓட்டிக் காய்த்த கைகள், புஜத்தில் மங்கிப்போன பச்சைக்குத்து. முழங்கால்கள் இரண்டும் வயிற்றோடு மடிந்திருந்தன. கை விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியிருந்தன. பொய்ப்பற்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கண் மூடியிருந்தது.

கட்டிலருகே இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் பச்சைக் கோடு குதித்தது. அவளுடைய கோடு.

"மிஸ்டர் தம்புசாமி" என்றாள்.

அவர் கண் திறக்கவில்லை. அந்தப் பெயருக்கு அவர் அசையவே இல்லை. அவள் குரலுக்கு அசைந்தார். தலை திரும்பியது, மெல்ல, கழுத்துக்கு இன்னும் வலு வராதது போலத் தள்ளாடிக்கொண்டு. ஈறுகள் தெரிய வாய் திறந்தது. இந்தப் பக்கம் தேடியது. அந்தப் பக்கம் தேடியது.

ரமணி பின்னால் போக நினைத்தாள். கால்கள் முன்னால் போயின.

காய்த்த பெரிய கை எழுந்து காற்றில் அலைந்து, அவள் ஆள்காட்டி விரலைத் தொட்டது. முழுக் கையாலும் பற்றிக்கொண்டது. விடவில்லை. கிழவரின் தொண்டையிலிருந்து ஒரு அழுகை கிளம்பியது. சன்னமான, புதிய, ஈரமான அழுகை.

பிள்ளை பெறாத அவள் மார்பில் ஏதோ இறுகியது. வலித்தது. ரவிக்கையின் முன்புறம் வெதுவெதுப்பாக நனையத் தொடங்கியது.

அழுகை நின்றது. வாய் அந்த ஈரத்தின் பக்கம் திரும்பியது.