பத்தாயிரத்து ஒன்று

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. மூலையில் இருக்கிறவனும் முன்னால் வா. இன்றைக்கு ஓர் எண்ணின் கதை. கொஞ்சம் கண்ணைக் கசக்க வைக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

ஒரு ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு மகன், ஒரு மகள். சின்னவளை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாவு பிசையும் மேசையில் அப்பாவும் அண்ணனும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். மேசையில் மாவைத் தூவியதும், ஒருவர் விரலால் ஒரு பெரிய எண்ணை எழுதுவார். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றால் பெருக்குவது செல்லாது. அதற்கு ‘உடைப்பது’ என்று பெயர். உடைத்தவர்தான் அடுத்த எண்ணை வைக்கலாம்.

அண்ணன் கடைசியாக வைத்த எண் 10001.

“இது உடையுமாடா?”

“உடையும்ப்பா. ஆனா உங்க ரஸ்க் மாதிரி லேசுல உடையாது!”

அந்த வாரமே அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு அப்பா யாருடனும் அதிகம் பேசுவதில்லை. மாலையில் மாவைத் தூவுவார். 10001-ஐ ஒரே ஒரு பகா எண்ணால் வகுத்துப் பார்ப்பார். மீதி வரும். கையால் அழித்துவிட்டுப் பிசையத் தொடங்குவார். மறுநாள் அடுத்த பகா எண்.

குருவி பக்கத்தில் நின்று பார்ப்பாள். 73-ஆல் வகுத்த அன்று, 270-இல் 219 போக 51 என்று எழுதவேண்டிய இடத்தில் அப்பா 41 என்று எழுதிவிட்டார். கண் கலங்கியிருந்தால் கழித்தல் எப்படிச் சரியாக வரும்? குருவி கவனித்துவிட்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. உடைந்துவிட்டால் அண்ணனின் எண் தீர்ந்துபோய்விடுமே!

ஒருநாள் 97-உம் முடிந்தது. இனிப் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு எண்களும் நூறைத் தாண்டினால் பெருக்கிவரும் எண் 10001-க்கு மேலே போய்விடும் அல்லவா?

அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டார். “உடையவே இல்லம்மா. என்னை ஏமாத்திட்டுப் போயிட்டான்.”

குருவிக்குப் பொறுக்கவில்லை. “அண்ணன் ஒண்ணும் ஏமாத்தல! 73-ஐ இன்னொரு தடவை போடுங்கப்பா.”

“அதான் போட்டாச்சே.”

“போடுங்க. கழிக்கிறப்போ நான் சொல்றேன்.”

விரல் மெல்ல நகர்ந்தது. “ஐம்பத்தொண்ணு,” என்றாள் குருவி.

விடை 137. மீதி பூஜ்யம்.

“படவா! நிஜமாத்தான் சொல்லியிருக்கான்!” அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மாவு ஒட்டிய மீசை நனைந்தது. அந்த எண்ணை அழிக்க அவருக்குக் கை வரவில்லை.

குருவி காத்திருந்தாள். பிறகு, அண்ணன் எப்போதும் நிற்கும் பக்கத்துக்குப் போய், எக்கி நின்று 10057 என்று எழுதினாள்.

“என்னம்மா இது?”

“உடைச்சது நான்தானே? இனிமே நான்தான் வைக்கணும்.”

அப்பா அவளையே பார்த்தார். “இது உடையுமா?”

“உடையும்ப்பா. ஆனா உங்க ரஸ்க் மாதிரி லேசுல உடையாது.”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு பிடி மாவைத் தூவினார்.

உங்கள் வீட்டிலும் கேட்க ஒரு குரலும் பதில் சொல்ல ஒரு குரலும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.