மைனாவின் தொட்டியில் ஒரு கைப்பிடி

எருமை செத்துப்போன நாளிலிருந்து ரீனுவின் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அப்பா லாரி ஓட்டப் போனால் மாதக் கடைசியில்தான் திரும்புவார். அம்மா பிம்லா விடியும் முன்பே எழுந்து, பால் குவளையைக் கையில் எடுத்து, கறக்க எருமை இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். கம்பு ரொட்டிக்கு வெண்ணெய் இல்லை. குடிக்க மோர் இல்லை. வெளியே கோதுமை வயல் தெரியாதபடி மூடுபனி.

மிஞ்சியவை இரண்டு எருமைக் கிடேரிகள். லாடோ, செத்துப்போன எருமையின் கன்று. மைனா, சித்தப்பா நகரத்துக்குக் குடிபோனபோது விட்டுவிட்டுப் போனது. இவை வளர்ந்து, சினையாகி, கன்று ஈன்றால்தான் இனி வீட்டில் பால்.

அந்தச் சமயத்தில்தான் கால்நடை மருத்துவரம்மா சுதேஷ் ஒரு மூட்டையோடு வந்தார்.

"இது சத்துப்பொடி, அக்கா. கொழுப்பும் புரதமும் இருக்கு. எருமைக்கு நாலு வயிறு. சும்மா கொடுத்தா முதல் வயித்துலயே கரைஞ்சு பாதி வீணாயிடும். அதனால சத்துக்கு ஒரு சட்டை மாட்டி உள்ளே அனுப்பறோம். முதல் வயித்தைத் தாண்டினப்புறம்தான் சட்டையைக் கழட்டும்."

"உள்ளே அவ்வளவு குளிரா, டாக்டரம்மா?" என்று கேட்டாள் ரீனு.

மருத்துவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பொடி லாடோவுக்குத்தான். மைனாவுக்கு வழக்கமான தீவனம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தானே பொடியால பலன் இருக்கான்னு தெரியும்? இந்த ஊர்ல மத்த வீடுகள்லயும் இப்படித்தான் செய்யறோம்."

காலையில் அம்மா தீவனம் வைப்பாள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரீனு வைப்பாள். லாடோவின் தொட்டியில் பொடி விழும்போதெல்லாம் மைனா கயிறு இறுகும்வரை கழுத்தை நீட்டும். எட்டாது. பிறகு ரீனுவைப் பார்க்கும்.

"என்னைப் பார்க்காதே. நான் என்ன பண்ணட்டும்?" என்பாள் ரீனு.

மைனா பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் விலா எலும்புகள் தோலுக்கு மேலே தெரிந்தன. சொந்தக்காரர்கள் விட்டுவிட்டுப் போனது ஒன்று, இது ஒன்றா என்று ரீனு நினைத்துக்கொண்டாள். ஒரு மாலை, லாடோவின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பொடியை அள்ளி மைனாவின் வைக்கோலில் கலந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே செய்தாள். பிறகு தினமும்.

பனிக்காலம் முடியும் நேரத்தில் மருத்துவர் அளவு நாடாவோடு வந்தார். லாடோவின் மார்பைச் சுற்றி அளந்தார். மைனாவை அளந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மைனாவை மறுபடி அளந்தார்.

"என்ன அக்கா இது? பொடி தின்ன லாடோவை விட மைனாதான் நல்லா வளர்ந்திருக்கு!"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அப்போ பொடியால பிரயோஜனம் இல்லைன்னுதானே ஆகுது?" மருத்துவரின் குரல் இறங்கிவிட்டது. "கொஞ்சம் வீடுகள்லதான் பார்க்கறோம். ஒரு வீட்டுல இப்படி ஆனாலும் மொத்தக் கணக்கும் மாறிடும். அப்புறம் இந்தப் பொடியை யாருக்கும் சொல்ல முடியாது."

ரீனு மூட்டையையும் மைனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால் மூட்டை போய்விடும். லாடோவும் மைனாவும் மெதுவாகத்தான் வளரும். பால் இன்னும் தள்ளிப்போகும். சொல்லாவிட்டால், எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கிடேரிகள் வெறும் வைக்கோலைத் தின்றுகொண்டு நிற்கும்.

"டாக்டரம்மா," என்றாள். "பொடி நல்ல பொடிதான். நான்தான் மைனாவுக்கும் போட்டேன். லாடோவோடதுலேருந்து எடுத்து."

"எவ்வளவு?"

"தினம் சாயங்காலம் ஒரு கைப்பிடி."

மருத்துவர் ரீனுவின் சின்னக் கையைப் பார்த்தார். "இந்தக் கைப்பிடிக்கு இவ்வளவு வளர்ச்சி வராதே!"

அம்மா தொண்டையைச் செருமினாள்.

"காலையில நானும் போட்டேன்," என்றாள் மெல்ல. "என் கை கொஞ்சம் பெரிசு."

"அம்மா! நீயுமா?"

"அது பார்த்த பார்வை அப்படிடி. நான் என்ன பண்ணட்டும்?"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சீக்கிரமே முகம் வாடியது.

"உங்க வீட்டைக் கணக்குல சேர்க்க முடியாது, அக்கா. பொடி ஆராய்ச்சிக்குன்னு கொடுத்தது. நான் எடுத்துட்டுத்தான் போகணும்."

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் அம்மா. "தப்பு எங்களோடது."

"பசுந்தீவனம் குறையாம வையுங்க. கொஞ்சம் கடுகுப் பிண்ணாக்கு, தாது உப்பு. மெதுவா வளரும். ஆனா வளரும்."

மூட்டை ஜீப்பில் ஏறிப் போனது. அன்று மாலை இரண்டு கிடேரிகளும் தொட்டிக்குள் மூக்கை விட்டுத் துழாவின. பொடியைக் காணாமல் புஸ்ஸென்று மூச்சுவிட்டன. ரீனுவுக்கு அழுகை வந்தது. அம்மா இன்னொரு கட்டுப் பசுந்தீவனத்தை எடுத்துவந்தாள். இருவரும் சேர்ந்து நறுக்கினார்கள்.

கோதுமை அறுவடை முடிந்ததும் ஊர்ச் சாவடியில் கூட்டம் நடந்தது. பொடி தின்ற கிடேரிகள் மற்றவற்றை விட நன்றாக வளர்ந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டுச் சனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ரீனு நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"ஒரே ஒரு வீட்டுக் கணக்கை மட்டும் சேர்த்துக்கலை," என்றார் மருத்துவர். "அந்த வீட்டுத் தீவனத்துல கூடுதலா ஒண்ணு கலந்துடுச்சு."

"என்னம்மா கலந்துச்சு? அதையும் சொன்னா நாங்களும் கலப்போமே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

ரீனுவுக்குக் காது சூடேறியது. பயந்துபோய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

முக்காட்டுக்குள் அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தாள் ரீனு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.