கோடியில் ஒன்று

மூன்று மணிக்கு மாடிவீட்டுக் குக்கர் கத்தவில்லை. பவானிபூருக்குக் குடிவந்த இந்த ஆறு வருடத்தில் ஒரு நாளும் தவறாத சத்தம். அதைக் கேட்டுத்தான் ரஞ்சனா டீ போட எழுந்திருப்பாள்.

அவள் வீட்டிலிருந்தே ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பூமிக்கடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில், நொடிக்கு நான்கு கோடி முறை துகள்கள் மோதிக்கொண்டிருந்தன. அத்தனையையும் சேமிக்க இடம் கிடையாது. எதை வைப்பது, எதை எறிவது என்று இமைப்பதற்குள் முடிவு செய்யும் ட்ரிகர் என்ற நிரல் அவள் எழுதியது. அதன் விதி ஒன்றுதான்: நேற்றுப் பார்த்த மாதிரியே இருந்தால் எறி. எறிந்ததை யாராலும் மீட்க முடியாது.

அதனால்தான் கோடியில் ஒன்றை மட்டும் எந்த விதியும் பார்க்காமல் எடுத்துவைப்பது வழக்கம், ட்ரிகர் எதையெல்லாம் விழுங்குகிறது என்று சோதிக்க. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ரஞ்சனா போன வாரம் அதை நிறுத்தியிருந்தாள்.

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தெருவிலிருந்து ஏறிவரும் பொரித்த மீன் வாசனையும், ஆட்டோ ஹாரனும், எதிர்வீட்டு ஹார்மோனியமும் ஒவ்வொன்றாக அடங்கின. மின்விசிறி சுற்றியது. சத்தமில்லை.

அடுத்த அறையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் ரோஹிணி வந்து நின்றாள். ஏழு வயது.

"அம்மா, ராஸ்தால யாருமே இல்லே."

அந்தத் தெருவில் தினமும் வருகிறவர்கள்தான் எல்லோரும். நேற்றைப் போலவே வருகிறவர்கள்.

போன் அடித்தது. குழுத் தலைவர் மஹாதேவன்.

"ரஞ்சனா, அந்த ராண்டம் சாம்பிளை ஏம்மா நிறுத்தினே? என்னெல்லாம் போறதுன்னே தெரிய..."

லைன் அறுந்தது. போனில் அவர் பெயரும் இல்லை.

 ரஞ்சனாவுக்குக் கோபம் வந்தது. நான் எழுதியது, எனக்கே சட்டம் சொல்கிறதா? மகளை மடியில் இழுத்து உட்காரவைத்து, இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால், கோடியில் ஒன்றல்ல, எல்லாவற்றையும் வை என்று அடித்தாள். எவ்வளவு வைப்பது என்று காட்டும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. மறுபடி அடித்தாள். பூஜ்யம். மறுபடி.

"உன் இஷ்டத்துக்கு விடமாட்டேன்," என்றாள் திரையிடம்.

வாசல் கதவு இருந்த இடத்தில் சுவர். ஜன்னலும் இல்லை.

"கண்ணா, இதுவரைக்கும் நீ சொல்லாததா ஏதாவது சொல்லு. சீக்கிரம்."

ரோஹிணி யோசித்தாள்.

"அம்மா, பசிக்கறது," என்றாள், தினமும் இந்த நேரத்துக்குச் சொல்வது போலவே.

திரை மாறியது. இந்த அறையில் வைத்தது: ஒன்று.

ரஞ்சனா குனிந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் வை. பூஜ்யம். எல்லாவற்றையும் வை. இடது கைக்குள் சின்ன விரல்கள் இன்னும் சூடாகத்தான் இருந்தன. மடியில் கனமே இல்லை.