பச்சை வில்லை

ஜெசிந்தாவின் சக்கர நாற்காலி நிறுத்தத்தை நெருங்கியதுமே அங்கே நின்றவர்களின் முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா, வாங்க! இன்னைக்கு நேரத்துக்குப் போயிரலாம்," என்றான் அடையாள அட்டை மாட்டிய இளைஞன் ஒருவன்.

பேருந்து பக்கவாட்டில் தாழ்ந்து, சாய்பலகையை நீட்டி அவளை ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் இல்லாத வண்டி. நாற்காலியில் ஒட்டியிருந்த வழிவில்லை என்ற சிறு மின்கருவியைப் படித்து, முன்னாலிருந்த சிக்னல்களுக்கெல்லாம் அது தகவல் அனுப்பியது. நடக்க இயலாதவர்கள் நெரிசலில் சிக்கித் தவிக்கக் கூடாது என்று கோவையில் வந்த ஏற்பாடு இது. வில்லைக்காரர் ஒருவர் வண்டிக்குள் இருக்கும்வரை வழியெல்லாம் பச்சைதான்.

சிங்காநல்லூரில் படியே இல்லாத வீடு ஒன்று வாடகைக்கு இருந்தது. இதுவரை பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் நாற்காலியைக் கண்டதும் "சொல்லி அனுப்பறோம்" என்று நழுவியிருந்தார்கள். இந்த வீட்டுக்காரர் நாச்சிமுத்து மட்டும், போனில் நாற்காலி விஷயத்தைச் சொன்ன பிறகும், ஒன்பது மணிக்குள் வந்தால் பேசலாம், அதற்குமேல் வேறு ஆள் வருகிறார் என்றிருந்தார்.

சிங்காநல்லூர் வந்தது. ஜெசிந்தா இறங்கும் பொத்தானை அழுத்தினாள். சாய்பலகை அசையவில்லை. அதன்மேல் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆள் நின்றால் அது நகராது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க."

"ஒரே ஒரு ஸ்டாப் தானுங்கக்கா," என்றான் அந்த இளைஞன். "அடுத்ததுல இறங்கிக்கலாம்."

"எம் பொண்ணுக்குப் பரீட்சை கண்ணு," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மாள், கெஞ்சலாக. காலை மட்டும் எடுக்கவில்லை.

பேருந்து சற்று நேரம் காத்திருந்தது. பயணி மனதை மாற்றிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு கதவை மூடியது.

முன்பெல்லாம் பேருந்துகள் அவளுக்காக நின்றதில்லை. இப்போது நின்ற பேருந்து விடமாட்டேன் என்கிறது.

அவள் வில்லையின் விசையைத் தட்டி அதை அணைத்தாள்.

எதிரே சிக்னல் சிவந்தது. அதற்கடுத்ததும் சிவப்பு. வண்டிக்குள் முனகல் எழுந்தது.

"அய்யோ, போடுங்கக்கா அதை!"

"முதல்ல என்னை இறக்கி விடுங்க."

அடுத்த நிறுத்தமான ஒண்டிப்புதூரில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். ஆனாலும் சாய்பலகை வரவில்லை. வில்லை அணைந்திருந்ததால் அப்படியொரு பயணி வண்டிக்குள் இருப்பதே பேருந்துக்குத் தெரியவில்லை. மறுபடி போட்டால் திரும்ப மறித்துக்கொள்வார்கள் என்று அவள் போடவில்லை. கடைசியில் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அந்த இளைஞனும் ஒரு பக்கம் பிடித்தான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வந்த வழியிலேயே வெயிலில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. வீடு கைநழுவிப் போயிருக்கும் என்றுதான் நினைத்தாள். வாசலில் சாவியோடு நாச்சிமுத்து நின்றிருந்தார். பின்னால் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர்.

"மன்னிச்சுக்குங்க, லேட்டாயிருச்சு..."

"அட, பரவால்லீங்க. இன்னொருத்தர் வந்தாரு, இல்லீன்னு அனுப்பிட்டனுங்க. உங்களுக்குத்தான்னு தெருவே முடிவு பண்ணியாச்சு."

இப்படி ஒரு வார்த்தையை எந்த வீட்டு வாசலிலும் ஜெசிந்தா கேட்டதில்லை.

பின்னாலிருந்து ஒரு பெண் முன்னே வந்தாள். "எங்க தெருவுல வில்லைக்காரங்க ஒருத்தர்கூட இல்லீங்க. தினமும் சிக்னல்லயே பாதி உசுரு போயிருது. காலைல எத்தன மணி பஸ்ஸுக்குக் கிளம்புவீங்க? எட்டேகால்னா எல்லாருக்கும் தோதா இருக்கும்."

ஜெசிந்தா வீட்டு வாசலைப் பார்த்தாள். படியே இல்லை. தரை தெருவோடு தெருவாகச் சமமாக உள்ளே போனது.

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நான் வீட்லருந்தேதானுங்க வேலை பாக்கறேன்."

சாவியை நீட்டிய நாச்சிமுத்துவின் கை பாதியில் நின்றது.