மூன்றாவது டிரெட்மில்

உஸ்மான் கனி நடந்துகொண்டிருந்தது வஹீதுன்னிசாவுக்கு மூன்றடி முன்னால்தான். அவருடைய காலடிச் சத்தம் மட்டும் ஏதோ தெருக்கோடியிலிருந்து வந்தது.

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. குமணன்சாவடியில் உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் மாடிக் கடை. மாலை நாலு மணி. கீழே பேருந்துகள் விடாமல் ஹாரன் அடிக்கும் நேரம். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. தினம் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும், ஓடவே கூடாது, மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூந்தமல்லியில் அவர்கள் தெரு தோண்டிப் போட்ட பள்ளமும் நாய்களுமாகக் கிடந்ததால் வீட்டுக்கே ஒரு டிரெட்மில் வாங்கிவிடலாம் என்று வந்திருந்தார்கள். முதல் மெஷின் மாவு அரைப்பதுபோல் இரைந்தது. இரண்டாவதில் அவருடைய நீளக் காலுக்கு இடம் போதவில்லை. "இதுல ஏறிப் பாருங்க மச்சான், இதான் நீளமா இருக்கு" என்று மூன்றாவதைக் காட்டியவள் அவள்தான்.

"இன்னா வஹீதா, இப்டி உத்து உத்துப் பாக்குற? முப்பது வருசம் கழிச்சி இப்பதான் மாப்ள பாக்குறியா?" என்றார் திரும்பாமலே. அந்தக் குரலும் தூரத்திலிருந்துதான் வந்தது.

விற்பனையாளர் ஜீவா சிரித்தார். "சத்தமே இல்ல பாத்தீங்களாக்கா? மடிச்சி செவுத்தோரமா நிறுத்திக்கலாம். எதனா அவசரம்னா முன்னால இந்தச் செவப்பு சாவிய இஸ்துடுங்க, டக்குனு நின்னுடும்."

புது ரப்பரின் வாசனை, ஏசியின் ஈரக் குளிர், அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ வெயிலில் காய்ந்த மண்ணின் வாசனை. கறுத்த பட்டை வழவழவென்று அவள் காலருகே உருண்டு உள்ளே போய்க்கொண்டிருக்க, அதன்மேல் கணவரின் வெள்ளைச் சட்டை அசைந்து அசைந்து முன்னேறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. இடுப்பு உயரத்தில் இருந்த கைப்பிடிக் கம்பி இப்போது அவருடைய தோளுக்கு மேலே இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கம்பி அவர் தலைக்கு மேலே போயிருந்தது.

மெஷின் அதே அளவில்தான் இருந்தது. சிவப்பு எண்கள் ஓடும் திரையும் அதே இடத்தில் இருந்தது. அவர் மட்டும் நீண்ட சாலையில் நடந்து போகிறவரைப் போலச் சிறுத்துக்கொண்டே போனார்.

"தம்பி... அவரப் பாருங்க..."

ஜீவா பார்த்தார். "ஏன்கா பயப்படுறீங்க? அண்ணாத்தே சூப்பரா நடந்துகினு கீறாரு."

"சின்னதா ஆயிட்டாருப்பா!"

"இன்னும் அஞ்சு நிமிசம்கூட ஆவலக்கா. அதுக்குள்ள எங்க எளைக்கிறது?"

அவள் கையை நீட்டினாள். சட்டையின் நுனியையாவது பிடிக்கலாம். பட்டைக்கு மேலே நீண்ட கை போய்க்கொண்டே இருந்தது. முழங்கை வரை அவளுடையது. அதற்கு அப்பால் மெலிந்து மெலிந்து, நுனியில் அவளுடைய விரல்கள் எறும்புக் கால்களாகத் தெரிந்தன. விரலில் வெயில் சுட்டது.

கையை உதறி இழுத்துக்கொண்டாள்.

யா அல்லாஹ்.

பக்கவாட்டில் ஓடிப்போய்ச் சிவப்புச் சாவியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. பட்டை நின்றது.

காலடிச் சத்தம் நிற்கவில்லை.

"அய்ய, நல்லா போய்கினு இருந்தாரே, ஏன்கா நிறுத்திட்டீங்க?" ஜீவாவைக் கீழிருந்து யாரோ கூப்பிட்டார்கள். படியிறங்கிப் போய்விட்டார்.

"மச்சான்!"

குரல் அவரிடம் போய்ச் சேரவே நெடுநேரம் ஆனது. நின்றார். திரும்பினார். நெற்றியில் கை வைத்து, வெட்டவெளியில் ஆளைத் தேடுவதுபோல் அங்குமிங்கும் பார்த்தார். அவளைக் கண்டுகொண்டார்.

நடந்து வந்தார். வேகமாக நடந்தார்.

கிட்டே வரவில்லை. கொஞ்சமும் பெரிதாகவில்லை.

இப்போது ஓடினார்.

"ஓடாதீங்க மச்சான்... உக்காருங்க... அப்டியே உக்காந்துடுங்க..."

அவருக்குக் கேட்கவில்லை. அசையாமல் கிடந்த கறுத்த பட்டையின்மேல், ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் பக்கம் நீட்டியபடி, சுண்டுவிரல் நகத்தளவு உஸ்மான் கனி அவளை நோக்கி ஓடிவந்துகொண்டே இருந்தார்.