கோல் பிடித்த கை

இருட்டறைத் தட்டில் நனைந்துகிடந்த படத்தில், அளவுகோலை ஒரு கை பிடித்திருந்தது. மருந்து நெடியில் மூக்கெரிய, தாளைச் சிவப்பு விளக்கருகே தூக்கிப் பார்த்தாள் இரீனி. திராட்சைக்கொடி செதுக்கிய பழைய மடாலய வாசல், அதற்குள் இருட்டு, நட்டுக்குத்தாக நிற்கும் கோல், மணிக்கட்டில் சிலுவை பச்சைகுத்திய கை. அந்தக் கையை, அதற்குரிய ஆளோடு சேர்த்து, கண்ணாடித் தகட்டிலிருந்து நேற்றே கத்தியால் சுரண்டி எடுத்திருந்தாள்.

புத்தகம் போடுகிறவர்கள் சிற்பம் மட்டும் போதும் என்றிருந்தார்கள். தகட்டில் சுரண்டிய இடம் அச்சில் கறுப்பாகும். ஆள் வாசல் இருட்டோடு கரைந்துவிடுவான். நகலில் செய்ய வேண்டிய வேலை அது. அவசரத்தில், எழுபது வருடத்து மூலத்தகட்டிலேயே கத்தியை வைத்துவிட்டாள்.

கதவைத் தட்டினார்கள். ஹெத்ரா. சோஹாக் ஊர்ச் சந்தையில் வெங்காயம் விற்கிறவர். நோன்புக்காலம் என்று பருப்பு வடையை ரொட்டியில் சுருட்டி எடுத்துவந்திருந்தார்.

“எங்க தாத்தா படம் கெடைச்சுதாம்மா? கோல் புடிக்க அவரத்தான் நிறுத்துவாங்களாம். அவ்ளோ நெட்டை, ஒட்டகம்னுதான் கூப்புடுவாங்களாம். அந்த மடத்துச் செவுரு விழுந்துதான் செத்தாரு. வேற படமே இல்ல.”

சொல்லிவிடலாம். உள்ளே ஈரமாகக் கிடக்கும் அந்தக் கையையாவது கொடுக்கலாம். ஆனால் வேலை போய்விடும்.

“அதுல ஆளே இல்ல மாமா. வெறும் கல்லுதான்.”

“சரி தாயீ. நீ நல்லா இருக்கணும். சூடா இருக்கு, சாப்பிடு.”

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவளால் நிமிர முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ரொட்டியைத் தொடவும் கூசியது. உள்ளே போய்ப் படத்தைக் கிழித்தாள். தகட்டை வெளியறைக்கு எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நேற்றுச் சுரண்டிய கை அங்கேயே இருந்தது. கறுத்த கை, வெள்ளைச் சிலுவை.

மேசையில் கிடத்திச் சுரண்டினாள். கிறீச். கிறீச். சிலுவை போயிற்று. விரல்கள் போயின. கத்தியைக் கீழே வைத்தாள்.

கிறீச்.

கத்தி அசையவில்லை.

கிறீச்.

வலிக்கவில்லை. வலது மணிக்கட்டைத் திருப்பினாள். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா பச்சைகுத்திவிட்ட சிலுவை அங்கே இல்லை. அது இருந்த இடத்தில், கண்ணாடி வழியே தெரிவதுபோல, மேசையின் மரம் தெரிந்தது.

கிறீச். உள்ளங்கை.

கிறீச். விரல்கள்.

சத்தம் முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.