செங்காட்டுவலசின் கம்பம்

கருமத்தம்பட்டிக்கு வடக்கே உள்ள செங்காட்டுவலசில் 1911 கணக்கெடுப்பின்போது அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். 1921இல் ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு எல்லாக் கணக்கிலும் அந்த ஊருக்கு நேராகச் சுழியம்தான்.

இந்த முறை கணக்கெடுக்க வந்த ஆசிரியை சண்முகப்பிரியாவும் சுழியம் போட்டுவிட்டு, நாலு மணிக்குள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக எண்ணியிருந்தாள். எல்லைக்கல்லுக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆறுச்சாமியிடம் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். கூரை விழுந்த மண்சுவர்களையும் சுவருக்குள் முளைத்த ஊமத்தையையும் தாண்டி, மாரியம்மன் கோயில் முன்பு முக்கிளைக் கம்பம் ஒன்று உலர்ந்து வெளிறி நின்றது. ஆனால் அதன் அடியில் பூசிய மஞ்சள் மட்டும் காயாமல் மணத்தது.

அம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டிக் கம்பம் நட்டால் ஊர்ப் பெண்கள் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பம் பிடுங்கும் வரை ஊரார் எல்லை தாண்டித் தங்கக் கூடாது. சிறுவயதுப் பழக்கத்தில் அவள் கை தானாகவே பாட்டிலைத் திறந்து ஊற்றியது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஆட்டுமணிச் சத்தத்தை வைத்தே எல்லைக்கல்லைத் தாண்டினாள். எதிரே கோயில் நின்றது. மறுபடி நடந்தாள். மறுபடியும் கோயில்.

மூன்றாம் முறை கல்லருகே ஆறுச்சாமி சிரித்தார். "ஏனுங்க டீச்சரு, குடி வந்துர்ற யோசனைங்களா? கல்லு வரைக்கும் வந்துபோட்டு வந்துபோட்டுத் திரும்பிப் போறீங்க?"

"நான் திரும்பலீங்க."

சிரிப்பு நின்றது. "அம்மணி, கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

அவள் தலையசைத்தாள். அவர் ஆடுகளைப் பின்னுக்கு ஓட்டினார்.

"அத ஊர்க்காரங்க புடுங்குனாத்தான் போவ முடியுமுங்க. பிளேக்கு வந்தப்ப, நட்ட கம்பத்தப் புடுங்காம ஓடுனாங்களாம். ஒருத்தருமே எந்த ஊருக்கும் போய்ச் சேரலீங்க."

ஓடிவந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. கம்பம் அசையவில்லை. கிளையில் ஒரு பச்சைத் துளிர். வரும்போது அது இல்லை.

கைப்பேசி அடித்தது. ஹர்ஷிணி.

"அம்மா, ஸ்கூல் கேட்டப் பூட்டறாங்க. எங்கம்மா இருக்கற?"

"கண்ணு, அப்பாவுக்குப் போன் போடு. உடனே."

"அம்மா? பேசும்மா. யாரோ தண்ணி ஊத்தற சத்தந்தான் கேக்குது."

இணைப்பு அறுந்தது.

கால் நனைந்திருந்தது. பாட்டில் தண்ணீர் இவ்வளவு இருக்காது. முதுகுப்புறம் மஞ்சள் வாசம். ஈரச்சேலை வாசம். சொட்டும் சத்தம். ஒன்றல்ல. பல.

திரும்பினாள்.

குடங்களுடன் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவள் வழிவிடுவதற்காகக் காத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நிற்க இடம். தரையில் ஒரு குடம்.

மாலை ஐந்தரைக்குக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு அவளுடைய கைப்பேசியிலிருந்து பதிவு வந்து சேர்ந்தது. செங்காட்டுவலசு: அறுபத்து மூன்று பேர்.